எறிகணைத் துண்டில் பட்ட கோடாலி: அரமா, கல்லா, கிரைண்டரா?

கடந்த மாரி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், பக்கத்து வளவு அக்கா ஒரு கோடாலியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். வாயின் நடுப்பகுதியில் சுண்டுவிரல் நகத்தின் பாதியளவுக்கு உடைந்திருந்தது. வளவில் சரிந்து விழுந்த பழைய வேம்பை விறகுக்காகப் பிளந்துகொண்டிருந்தாராம். மூன்றாவது கொத்தில் இரும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டதாம். மரத்துக்குள் கிடந்தது ஓர் எறிகணைச் சிதறல். இறுதி யுத்த காலத்தில் பாய்ந்தது. அதன் பிறகு பட்டை மூடி, மரம் பருத்து, வெளியே ஒன்றும் தெரியாமல் இத்தனை வருடம் உள்ளேயே கிடந்திருக்கிறது.

"தம்பி, வெல்டிங் கடையில குடுத்தா கிரைண்டரில ரெண்டு நிமிசத்தில தீட்டித் தருவினமாம் எண்டு பெடியன் சொல்றான். குடுக்கட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம் அக்கா. இஞ்ச வைச்சிட்டுப் போங்கோ" என்றேன்.

அப்படிச் சொல்வதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அதே இரண்டு நிமிட வேலையால் அப்பாவின் கோடாலியை நான் ஒருமுறை பாழாக்கியிருக்கிறேன். கணவனை இழந்து தனியே வீட்டைக் கொண்டுநடத்தும் பெண்கள், காயப்பட்ட உடம்போடு தோட்டம் செய்பவர்கள், விறகு வெட்டி விற்பவர்கள் என்று எங்கள் பக்கத்தில் கோடாலியை நம்பி வாழ்பவர்கள் பலர். ஒரு கோடாலி கெட்டால் இன்னொன்றை உடனே வாங்கும் நிலையில் எல்லோரும் இல்லை. ஆகவே நான் பட்டு அறிந்ததையும் பெரியவர்களிடம் கேட்டு அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கிடங்கிலிருந்து எடுத்த கோடாலி

எங்கள் ஊர் கிளிநொச்சிக்கு மேற்கே, ஏ-9 வீதியிலிருந்து உள்ளே இருக்கிறது. 2008 இன் பிற்பகுதியில் இடம்பெயர்ந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற இடமில்லாத சாமான்களை அப்பா கிணற்றடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தார். அலவாங்கு, மண்வெட்டிகள், இரண்டு கோடாலிகள். எல்லாவற்றுக்கும் கிரீஸ் பூசி உரப்பையில் சுற்றி வைத்தார். ஒரு மாதத்தில் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்தார்.

2010 இல் செட்டிகுளம் முகாமிலிருந்து நாங்கள் திரும்பியபோது அப்பா எங்களோடு இல்லை. எங்கள் பகுதியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவித்த பிறகு அந்த இடத்தைத் தோண்டினேன். பழைய இரும்பு பொறுக்கியவர்கள் எனக்கு முந்திவிட்டிருந்தார்கள். அடியில் கிடந்த ஒரு கோடாலித் தலை மட்டும் அகப்பட்டது. பிடியைக் கறையான் தின்றிருந்தது. தலை முழுக்கத் துரு.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு தறப்பாள் கொட்டில்தான். கப்பு வெட்ட வேண்டும், வேலி அடைக்க வேண்டும், அடுப்பெரிக்க வேண்டும். கோடாலி அவசரமாகத் தேவைப்பட்டது. வெல்டிங் கடை ஒன்றில் கொடுத்தேன். பொறி பறக்கப் பறக்கக் கிரைண்டரைப் பிடித்தார்கள். துரு போனது, வாய் பளபளத்தது. விளிம்போரமாக மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலக் கோடு ஓடியிருந்தது. அதை நான் அழகென்று நினைத்தேன்.

அடுத்த நாள் காய்ந்த பாலைக் கட்டை ஒன்றைப் பிளக்கத் தொடங்கினேன். மதியத்துக்குள் வாய் ரின் தகரம் மாதிரி மடங்கிவிட்டது. திரும்பவும் தீட்டினேன், திரும்பவும் மடங்கியது.

பக்கத்து ஊரில் ஒரு வயதான கொல்லர் பட்டறையை மீண்டும் தொடங்கியிருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, கோடாலியைச் சுட்டுப்போட்டுக் கொண்டு வந்திருக்கிறீர்?" என்றார்.

நீல நிறம் எதைச் சொல்கிறது?

கோடாலியின் வாய் வெறும் இரும்பல்ல, கடினமாக்கப்பட்ட உருக்கு. கொல்லர் அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்து எடுக்கிறார். அப்போது உருக்கு மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அந்த உடையும் குணத்தைக் குறைக்க அளவான சூட்டில் மறுபடி காய்ச்சுகிறார். இந்த இரண்டு வேலையும் சேர்ந்ததைத்தான் தோய்ச்சல் என்று அவர் சொன்னார். கோடாலியின் பலமெல்லாம் அந்தத் தோய்ச்சலில்தான் இருக்கிறது.

மினுக்கிய உருக்குச் சூடேறும்போது அதன் மேற்பரப்பு நிறம் மாறும். ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 260 பாகையை அண்டிக் கபிலம், 300 பாகையை நெருங்கும்போது நீலம். பழைய கொல்லர்கள் வெப்பமானி இல்லாமல் இந்த நிறங்களைப் பார்த்தே வேலை செய்தார்கள். வாய் நீலமாகிவிட்டால், கோடாலிக்குத் தேவையான கடினத்தின் ஒரு பகுதி அங்கே போய்விட்டது என்று பொருள்.

கையில் பிடிக்கும் சிறிய கிரைண்டரின் தட்டு நிமிடத்துக்கு 11,000 தடவை அளவில் சுழல்கிறது. கோடாலியின் விளிம்போ கடதாசி போல மெல்லியது. சூடு பரவிப் போக அங்கே உலோகம் இல்லை. சில விநாடிகளிலேயே நீலம் வந்துவிடும். பிறகு தண்ணீரில் தோய்த்தாலும் போன கடினம் திரும்பாது.

அந்தப் பெரியவர் நீலம் பட்ட பகுதியை முழுவதுமாக அராவி எடுத்தார். அப்பாவின் கோடாலி கிட்டத்தட்ட அரை அங்குலம் குறுகியது. மிச்சம் இருந்த உருக்கு நல்லதென்பதால் இன்றுவரை அது என்னிடம் வேலை செய்கிறது. அன்றிலிருந்து கோடாலிக்குக் கருவி தெரிவு செய்யும்போது நான் முதலில் கேட்பது, அது எவ்வளவு வேகமாக வெட்டும் என்பதையல்ல. எவ்வளவு சூடாக்கும் என்பதைத்தான்.

முதலில் வாயைப் பாருங்கள்

கருவியை எடுக்க முன்னர் கோடாலியின் வாயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, கண்ணுக்குக் கோடாகத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளை நூல் மாதிரி மினுங்கும். உடைந்த இடம் பல்லாகத் தெரியும். மடங்கிய இடத்தில் நகத்தை மெல்ல வைத்து, வாயிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் தட்டுப்படும்.

மெல்லிய மழுங்கல் மட்டும் என்றால் தீட்டுக்கல் போதும். நன்றாக மழுங்கி, வாய் உருண்டிருந்தால் அரம் வேண்டும். பல் விழுந்திருந்தாலும் அரம்தான். மிகப் பெரிய உடைவு என்றால் மட்டும் தண்ணீர்ச் சாணை அல்லது கொல்லர் பட்டறை. மழுங்கல் வேலைக்குப் பெரிய கருவியை எடுப்பதால்தான் பல கோடாலிகள் காலத்துக்கு முன்னர் தேய்ந்து போகின்றன.

அரம்: ஒன்று மட்டும் வாங்கலாம் என்றால் இதை வாங்குங்கள்

நல்ல கோடாலி வாயின் கடினம் ரொக்வெல் அளவில் 50 இலிருந்து 58 வரை இருக்கும். அரத்தின் கடினம் 60 ஐத் தாண்டும். அதனால்தான் அரம் கோடாலியை வெட்டுகிறது. கையால் அராவும்போது சூடு மிகக் குறைவு. எவ்வளவு நேரம் அராவினாலும் தோய்ச்சல் போகாது.

இரும்புக்கடையில் தட்டை அரம் கேளுங்கள். நீளம் 10 அங்குலம் போதும். 6 அங்குல அரத்தில் கை வாய்க்கு மிக அருகில் வரும், ஆபத்து. அரத்தின் பற்களைக் கவனியுங்கள். ஒரே பக்கம் சாய்ந்த வரிகள் மட்டும் இருந்தால் அது ஒற்றை வெட்டு. ஒப்பரவான முகம் தரும். குறுக்கும் மறுக்குமாக வரிகள் இருந்தால் இரட்டை வெட்டு. விரைவாகத் தின்னும், ஆனால் கீறல் விடும். விறகுக் கோடாலிக்கு ஒற்றை வெட்டில் நடுத்தரக் கரடு போதும். கடைக்காரர் அதை 'பாஸ்டர்ட்' என்பார். வாள் தீட்டும் முக்கோண அரம் இந்த வேலைக்கு உதவாது. அதன் ஒடுங்கிய முகம் வாயில் அலை அலையாகப் பள்ளம் போடும்.

அரத்துக்கு மரப்பிடி போடாமல் வேலை செய்யாதீர்கள். கூரான வால் உள்ளங்கையில் ஏறிய காயத்தை நான் பார்த்திருக்கிறேன். பூவரசந் தடியில் துளையிட்டுச் செருகினாலே போதும்.

அரம் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். இழுத்துத் தேய்த்தால் அரத்தின் பல்தான் மழுங்கும். பற்களுக்கிடையே இரும்புத் தூள் அடைத்தால் கீறல் விழும். வேலைக்கு முன்னர் வெண்கட்டியை அரத்தில் தேய்த்தால் தூள் ஒட்டாது. பிறகு கம்பித் தூரிகையால் தட்டிவிடுங்கள். அரத்துக்கு எண்ணெய் பூசவும் கூடாது, மற்ற இரும்புச் சாமான்களோடு ஒரே பெட்டியில் போடவும் கூடாது. சீலையில் சுற்றி வையுங்கள்.

தீட்டப்போகும் கோடாலியைப் பற்றியும் அரம் சொல்லும். நல்ல உருக்கில் அது சீராகக் கடிக்கும். ஈயத்தில் போல வழுக்கிக்கொண்டு ஆழமாக இறங்கினால், அந்த இடம் முன்னரே சூடுபட்டு மென்மையாகியிருக்கிறது. கடிக்காமல் கண்ணாடியில் போலச் சறுக்கினால், ஒன்றில் வாய் மிகக் கடினம், அல்லது அரம் தேய்ந்துவிட்டது. பழைய கோடாலி வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறிய அரத்துண்டைக் கொண்டுபோனால் ஏமாற மாட்டீர்கள்.

பல் விழுந்த கோடாலியில், பல் உள்ள இடத்தை மட்டும் அராவக் கூடாது. வாயின் வளைவு கெட்டுவிடும். முழு வாயையும் ஒரே அளவாக இறக்க வேண்டும். சின்னப் பல்லை முற்றாக எடுக்கவே தேவையில்லை. அதோடேயே கோடாலி வெட்டும். நாலைந்து தடவை தீட்டும்போது தானாகவே மறைந்துவிடும். உருக்கை மிச்சம் பிடிக்க இதுதான் வழி.

சாணைச் சில்லும் கிரைண்டரும்

கையால் சுழற்றி, தண்ணீர் சொட்டவிட்டுத் தீட்டும் சாணைச் சில்லு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். மெல்லச் சுழல்வதாலும் ஈரம் இருப்பதாலும் வாய் சூடாவதில்லை. பெரிய உடைவுகளுக்கு அதைவிடப் பாதுகாப்பான கருவி கிடையாது.

மேசையில் பூட்டும் மின்சாரச் சாணை எங்கள் நாட்டு மின்சாரத்தில் நிமிடத்துக்கு 2,900 தடவை அளவில் சுழலும். கைக் கிரைண்டரைவிட மெதுவானது, என்றாலும் எச்சரிக்கை வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். ஒருதடவை மெல்லத் தொட்டு இழுத்ததும் தண்ணீரில் வையுங்கள். கையுறை இல்லாத விரலால் வாயின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றால் சூடு கூடிவிட்டது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கைக் கிரைண்டர் தவிர வேறு வழியே இல்லை என்றால், அதை வாயின் பின்னாலுள்ள தடித்த பகுதியில் மட்டும் பாவியுங்கள். கடைசி கால் அங்குலத்தை அரத்துக்கு விட்டுவிடுங்கள்.

தீட்டுக்கல்

அரம் விட்ட கீறல்களை ஆற்றுவதும், அன்றாடக் கூரைக் காப்பதும் கல்லின் வேலை. கடையில் ஒருபக்கம் கரடும் மறுபக்கம் மென்மையுமான கல் கிடைக்கும். 120 இலக்கம் கரடு, 240 மென்மை. இலக்கம் கூடக்கூடக் கல் மென்மையாகும். விறகுக் கோடாலிக்கு இதற்கு மேல் தேவையில்லை.

நீளக் கல்லைவிட, உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கல் கோடாலிக்கு வசதி. வாயின் வளைவோடு சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே போகலாம். கல்லுக்குத் தண்ணீர் பாவியுங்கள், அல்லது மெல்லிய இயந்திர எண்ணெய் பாவியுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாவிக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கல்லின் துளைகளில் பசையாக அடைக்கும்.

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலைக் குறுக்காக மெல்ல இழுத்தால் தெரியும். வாய் முழுக்கப் பிசிறு எழுந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம். கடைசியில் பழைய தோல் இடுப்புப்பட்டியில் சில தடவை பின்பக்கமாக இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

கல்லும் இல்லையென்றால்? சீவல் தொழில் செய்தவர்கள் மரப்பலகையில் கல்மாத் தூவிப் பாளைக்கத்தி தீட்டியதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டிலும் பலகையும் அரித்தெடுத்த குறுணி மணலும்தான் கல்லாக இருந்தன. நேரம் எடுக்கும், ஆனால் வேலை செய்யும்.

எவ்வளவு சரிவு?

மரம் தறிக்கும் கோடாலிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 25 பாகை அளவு போதும். விறகு பிளக்க 30 முதல் 35 வரை. பாலை, முதிரை போன்ற வைரமான மரம் என்றால் 30 இற்குக் கீழே போகாதீர்கள், மெல்லிய வாய் உடையும். அளக்கக் கருவி தேவையில்லை. கொப்பித் தாளின் மூலை 90 பாகை. அதைச் சமமாக மூன்றாக மடித்தால் 30 பாகை. அந்தக் கோணத்தை மட்டையில் வெட்டி எடுத்து வாயில் பொருத்திப் பாருங்கள்.

எப்படிப் பிடிப்பது?

கோடாலி அசையாமல் இருந்தால்தான் அரம் நேராகப் போகும். வைஸ் இல்லாவிட்டால் ஒரு மரக்குற்றியில் பள்ளம் வெட்டி, தலையை அதில் வைத்து ஆப்பு அடித்து இறுக்குங்கள். அரம் பிடிக்கும் கைக்குத் தடித்த கையுறை போடுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு கையை இழந்த அண்ணர் ஒருவர் இருக்கிறார். அரத்துக்கு இரண்டு கை வேண்டும் என்று பல காலம் தன் கோடாலியைப் பிறரிடமே கொடுத்தார். இப்போது குற்றியில் ஆப்பு அடித்து இறுக்கிவிட்டு, வட்டக் கல்லை ஒற்றைக் கையால் பாவிக்கிறார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் தீட்டுவதால் அவருடைய கோடாலிக்கு அரம் தேவைப்படுவதே குறைவு. எங்கள் எல்லோருடைய கோடாலியையும்விட அவருடையதுதான் கூர்.

கூர் என்பது ஆபத்தல்ல. மழுங்கிய கோடாலி மரத்தில் பதியாமல் தெறித்துக் காலில் விழும். தனியாக விறகு வெட்டும் பெண்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வது.

கொத்த முன்னர் மரத்தைப் பாருங்கள்

எங்கள் மண்ணில் கோடாலியைக் காப்பது தீட்டுவதில் மட்டும் இல்லை. யுத்தம் நடந்த இடத்து மரம் என்றால், பட்டையில் வீங்கிய தழும்பு, மூடிய துளை, வழக்கத்துக்கு மாறான கருநீலக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேரும்போது அந்தக் கறை வரும். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு மரத்தோரம் நகர்த்தினால், மேலோட்டமாக உள்ள இரும்பைக் காட்டும். ஆழத்தில் கிடப்பதைக் காட்டாது. சந்தேகமான துண்டைப் பிளக்காமல் ஒதுக்கிவிடுங்கள். சிதறல் அல்லாமல் முழுதாக ஏதாவது பொருள் மரத்திலோ வேரடியிலோ தென்பட்டால் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே விலகிப்போய்க் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். அந்த மரத்தை எரிக்கவும் வேண்டாம்.

அக்காவின் கோடாலியை அராவ எனக்கு இரண்டு பின்னேரங்கள் எடுத்தன. பல்லை முழுவதும் எடுக்கவில்லை. பாதியை விட்டுவிட்டேன். மகனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, இரண்டாம் நாள் அவன் கையிலேயே அரத்தைக் கொடுத்தேன். முதல் பத்துத் தடவை இழுக்கும்போதும் தேய்த்தான். பிறகு தூக்கப் பழகிவிட்டான்.

"மாமா, உந்த அரம் எங்க வாங்கலாம்?" என்று போகும்போது கேட்டான்.

பிடி போட்ட என் பழைய அரத்தையே கொடுத்துவிட்டேன். அப்பாவின் கோடாலிக்கு நான் புதிது ஒன்று வாங்க வேண்டும்.